மார்வுட் கல்லின் கடைசி வரி

ஹாதர்விக்,
1869 மார்ச் 14

அன்புத் தம்பி ஜேபஸுக்கு அக்கா கெஸியா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். விரல்களில் குளிர்வெடிப்பு. சிப்பி உடைக்கும்போது உப்புநீர் பட்டு எரிகிறது. உன் இருமல் எப்படி? சாராவும் பிள்ளைகளும் சுகமா?

மார்வுட் செத்துவிட்டார். இறகு மெத்தையில், டாக்டர் பக்கத்தில் இருக்கச் செத்தார். நிலக்கரி வணிகர், ஆறு கப்பலுக்குச் சொந்தக்காரர் என்று ஊரே கடையைச் சாத்தியது. கோயில் மணி அவர் வயதுக்கு ஒன்றாக எழுபத்தொரு தடவை அடித்தது. நான் எண்ணிக்கொண்டே தூண்டில் முள்ளில் சிப்பி குத்தினேன். என் மகன் ரூபனுக்கு மணி அடிக்கவில்லை தம்பி. பதினெட்டு தடவை அடிக்க எவ்வளவு நேரமாகிவிடும்?

அக்டோபரில் மார்வுட்டின் லெட்டிஷியா கப்பல் ஏழு பேரோடு மூழ்கியபோது நீ வந்து என்னோடு கரையில் நின்றாய். ஒருவன் உடம்பும் வரவில்லை. கப்பலின் பெயரில் பாதி எழுதிய ஒரு பலகை மட்டும் வந்தது. அது இப்போது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. புழு அரித்த ஓட்டைகளில் விரலை விட்டால் மறுபக்கம் வருகிறது.

பாதிரியாரிடம் போய், கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ரூபன் பெயர் எழுதி ஒரு மரப்பலகை நடட்டுமா என்று கேட்டேன்.

"உடம்பே இல்லாம கல்லறை எதுக்கும்மா? கடல்தான் அவனுக்குக் கல்லறை" என்றார்.

அதே வாயால், வாசலுக்கு நேரே மார்வுட்டுக்குப் பெரிய நினைவுக்கல் வரப்போகிறது என்றார்.

கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கப்பலில் ஏற மாட்டோம் என்று மூன்று பேர் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? நீதிபதி பன்னிரண்டு வாரம் ஜெயில் போட்டார். மூவரும் இன்று சாராயக்கடையில் பீர் குடிக்கிறார்கள். ரூபனும் அவர்களோடு நின்றிருக்கலாம். ஏன் நிற்கவில்லை என்று என்னைக் கேட்காதே.

கை எரிகிறது. நிறுத்துகிறேன்.
உன் அக்கா
கெஸியா ஸ்டோர்

*

யார்க்,
1869 ஏப்ரல் 4

பிரியமுள்ள அக்காவுக்கு, ஜேபஸ். இங்கே எல்லோரும் நலம். இருமல் என்னைப் பார்த்துச் சலித்துப் போகவில்லை. கல்தூசி தின்கிறவனுக்கு அது கூடப்பிறந்தது. கைக்கு ஆட்டுக்கொழுப்புத் தடவு. சாரா ஒரு சிமிழில் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

கேட்காதே என்றாய், கேட்கவில்லை.

ரூபனுக்கு நானே ஒரு கல் வெட்டித் தருகிறேன். பட்டறையில் ஓரம் உடைந்த துண்டுகள் கிடக்கின்றன. முதலாளி கண்டுகொள்ள மாட்டார். பாதிரியாரை மட்டும் நீ சம்மதிக்க வை. மார்வுட் கல்லைப் பற்றி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எவன் வெட்டினால் என்ன, கல் கல்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு அக்கா.
ஜேபஸ்

*

ஹாதர்விக்,
1869 ஏப்ரல் 26

தம்பிக்கு அக்கா. சிமிழ் வந்தது. சாராவுக்கு நன்றி சொல். கை பரவாயில்லை. வயிறுதான் எரிகிறது.

நேற்று ஆராதனை முடிந்ததும் பாதிரியார் நினைவுக்கல்லில் வரப்போகும் வாசகத்தைப் படித்தார். பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு வரி. "தன் கப்பல்களில் சென்ற ஒவ்வொருவருக்கும் தகப்பனாக இருந்தார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்திருக்காவிட்டால் அங்கேயே கத்தியிருப்பேன். பாதிரியாரை வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அந்த வரியை எடுங்க."

"எந்த வரிம்மா?"

"தகப்பன்ங்கிற வரி. எந்தத் தகப்பன் பிள்ளையப் புழுத்த பலகையில கடலுக்கு அனுப்புவான்?"

"கெஸியா, துக்கத்துல பேசற. மிஸ் மார்வுட் ஆசைப்பட்டு எழுதின வரி அது. பெத்த அப்பாவைப் பத்தி மகள் எழுதக் கூடாதா?"

"எழுதட்டும். தனக்குத் தகப்பன்னு எழுதட்டும். என் மகனுக்குத் தகப்பன் வேற. வாதக் காய்ச்சல்ல போனவன், ஜான் ஸ்டோர். அங்க கிடக்கான் பாருங்க, காஞ்சொறிச் செடி மண்டின இடத்துல."

அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கல் உங்கள் யார்க்கில்தான் வெட்டப்படுகிறதாம். எந்தப் பட்டறை, எந்தக் கை என்று விசாரி. அவனிடம் போய், ஹாதர்விக்கில் செத்த ஏழு பேருடைய வீட்டார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல். அந்த வரி மட்டும் வரக்கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உடனே எழுது.
கெஸியா

*

யார்க்,
1869 ஜூன் 27

அன்பு அக்காவுக்கு. பதில் தாமதம், கோபிக்காதே. சின்னவளுக்கு அம்மை வந்து தேறினாள். பட்டறையில் வேலையும் நெருக்கியது. நீ எப்படி இருக்கிறாய்? இந்த வருஷம் ஹெர்ரிங் மீன் நன்றாகப் படுகிறது என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

நீ கேட்டது. யார்க்கில் பட்டறைகள் நிறைய. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர். யார் எதை வெட்டுகிறான் என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.

மழை நின்றபாடில்லை. வெட்டுக்கல் எல்லாம் ஈரம்.

ஜேபஸ்

*

ஹாதர்விக்,
1869 ஜூலை 9

ஜேபஸுக்கு. குழந்தை தேறியதில் சந்தோஷம். ஹெர்ரிங் படுகிறது.

இரண்டு மாதம் காக்க வைத்துவிட்டு எனக்கு மழையைப் பற்றி எழுதுகிறாய். ஒரு பட்டறையின் பேர் கேட்டேன். உன் கையெழுத்து சின்ன வயதில் பொய் சொல்லும்போது எப்படி இடது பக்கம் சாயுமோ அப்படிச் சாய்ந்திருக்கிறது. என்னவோ மறைக்கிறாய். போகட்டும்.

நேற்று பாதிரியார் வீட்டுக்கே வந்தார். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்தார், அதிலேயே சந்தேகப்பட்டேன்.

"கெஸியா, செப்டம்பர் கடைசி ஞாயிறு கல்லைத் திறக்கறோம். மேல துணி போட்டு மூடியிருக்கும். கயிறை இழுத்துத் திறக்க ஒரு மாலுமியோட தாயார் இருந்தா நல்லாயிருக்கும்னு மிஸ் மார்வுட் பிரியப்படறாங்க."

"இந்த ஊர்ல நான் ஒருத்திதான் தாயாரா?"

"உன் மகன்தானே அந்த ஏழு பேர்ல சின்னவன். நீ வந்தா ஊர் வாய் அடங்கும்."

பார்த்தாயா, ஊர் வாய் என்கிறார். அப்படியானால் ஊர் பேசத்தான் செய்கிறது. என் கையால் கயிறு இழுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"வர்றேன் ஐயா" என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

கயிற்றை இழுப்பேன். இழுத்துவிட்டுத் திரும்பி நின்று, ஊர் மொத்தமும் கேட்க, லெட்டிஷியாவின் பலகை எப்படி இருந்தது என்று சொல்வேன். அதற்குத்தான் ஒப்புக்கொண்டேன். நீயும் வா.

கெஸியா

*

ஹாதர்விக்,
1869 ஆகஸ்ட் 30

ஜேபஸ் ஹெப்டனுக்கு.

சுகம் விசாரிக்க மனமில்லை.

கல் வந்து இறங்கிவிட்டது. வண்டியிலிருந்து பீடக்கல்லை உருட்டி இறக்கும்போது நான் மீன் கூடையோடு அந்த வழியாக வந்தேன். பீடக்கல்லின் அடிப்பக்கம் ஒரு நொடி மேலே தெரிந்தது. அதில் வெட்டினவன் குறி. ஒரு நேர்கோடு, தலையில் இரண்டு சாய்வு, கீழே ஒரு புள்ளி.

என் அடுப்படிக் கல்லில் அதே குறி இருக்கிறது. பதின்மூன்று வயதில் பட்டறைக்குப் போன முதல் வருஷம் நீ வெட்டினது. "பாருக்கா, இனி என் பேரு இதுதான்" என்று குதித்தாய். நான் தினமும் அதன் மேல் உட்கார்ந்துதான் சமைக்கிறேன்.

யார்க்கில் பட்டறைகள் நிறைய, இல்லையா?

ரூபனைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த கை, அவனைக் கொன்றவனுக்குத் தகப்பன் பட்டம் வெட்டியிருக்கிறது. எனக்குத் தம்பி இல்லை. எழுதாதே. வராதே. நீ அனுப்பிய சிமிழைக் கடலில் எறிந்துவிட்டேன்.

கெஸியா

*

யார்க்,
1869 செப்டம்பர் 5

அக்கா, எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் படி.

மார்ச் மாதமே அந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. நீ முதல் கடிதம் எழுதியபோது அந்தப் பளிங்கு என் காலடியில் கிடந்தது. சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் முதலாளி என்னை அனுப்பிவிடுவார், எனக்கு நான்கு பிள்ளைகள் என்று எழுதினால் நீ நம்புவாய். அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை.

முதலாளி கடைசி வரியை வேறு ஒருவனுக்குத்தான் கொடுத்தார். அதை நானே கேட்டு வாங்கினேன்.

ஏன் என்று இப்போது எழுத மாட்டேன். கடிதம் பல கை மாறி வருகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கயிற்றை இழு. பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். ஆனால் கல்லை யாரும் சுத்தியலால் அடித்து உடைக்காமல் பார்த்துக்கொள். ஒரு குளிர்காலம் பொறு.

தம்பி இல்லை என்று நீ சொன்னாலும் நான் உன் தம்பிதான்.
ஜேபஸ்

*

ஹாதர்விக்,
1869 செப்டம்பர் 29

ஜேபஸுக்கு.

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டிவைத்துப் படித்தேன். குளிர்காலம் பொறு என்கிறாய். எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

கயிற்றை இழுத்தேன். துணி விழுந்தது. மார்வுட்டின் பெயரும் தேதிகளும் கல்லிலேயே ஆழமாக வெட்டியிருந்தன. கடைசி வரி மட்டும் ஈயத்தில் கறுப்பாக, பாதையிலிருந்து பார்த்தாலே படிக்கும்படி. கூட்டம் "ஆ" என்றது. திரும்பி வாயைத் திறந்தேன்.

முன் வரிசையில் சைலஸ் பெட்ச் நின்றிருந்தான். ஜெயிலுக்குப் போன மூவரில் ஒருவன். என்னைப் பார்த்தான் தம்பி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையைக் குனிந்தான். அவ்வளவுதான். என் வாய் மூடிவிட்டது.

கேட்காதே என்று சொன்னேனே, அது இதுதான். கப்பல் கிளம்பிய அன்று காலை ரூபன் சைலஸோடு வாசலுக்கு வந்தான்.

"அம்மா, கப்பல் ஒழுகுது. துறையில நிக்கும்போதே பம்பு அடிக்கிறாங்க. சைலஸ் ஏறல. நானும் ஏறல."

"பம்பு எதுக்குடா இருக்கு? அடிக்கத்தானே?" என்றேன்.

"ஏறலன்னா ஜெயில் போடுவாங்க. பன்னிரண்டு வாரம்தான். போய்ட்டு வந்துடறேன்."

"இந்த வீட்ல ஜெயிலுக்குப் போனவன் ஒருத்தனும் இல்ல. உங்கப்பன் பேரக் கெடுக்காத. சைலஸுக்கு வெக்கமில்ல, உனக்குமா இல்ல? போய் ஏறு."

சைலஸின் முகத்துக்கு நேரே சொன்னேன். ரூபன் "சரிம்மா" என்றான். ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

நீ வரியை வெட்டினாய். நான் பிள்ளையை ஏற்றி அனுப்பினேன். உன்னைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? ஆனாலும் திட்டத்தான் வருகிறது. உன்னை, மார்வுட்டை, ஜெயில் போட்ட நீதிபதியை, தலை குனிந்த சைலஸை. கூடவே என்னை.

உன் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்.
கெஸியா

*

யார்க்,
1869 அக்டோபர் 11

என் அக்காவுக்கு. நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்து அடுப்பில் போட்டேன். உன் குற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஜெயில் என்றால் வெட்கம் என்று உனக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தவர்கள், ஒழுகும் கப்பலை அனுப்புவது வெட்கம் என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பளிங்கில் ஈய எழுத்து பதிக்கும்போது முதலில் சின்னச் சின்னத் துளைகள் போடுவோம். துளையை உள்ளே சாய்த்துப் போட வேண்டும், ஒன்று இப்படி, ஒன்று அப்படி. அப்போதுதான் அடித்து இறக்கும் ஈயம் வேர் பிடித்த பல் மாதிரி நூறு வருஷம் நிற்கும். நேராகத் துளைத்தால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மழைநீர் உள்ளே இறங்கும். பனியில் உறைந்து உப்பும். ஈயத்தை வெளியே தள்ளிவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் செய்யும் முதல் தப்பு அது.

நான் சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது.

கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். இதைக் கடலில் எறியாதே, சாரா பின்னினது.
ஜேபஸ்

*

ஹாதர்விக்,
1870 ஜனவரி 23

தம்பி ஜேபஸுக்கு அக்கா கெஸியா. சால்வை கதகதப்பாக இருக்கிறது. குளிர் இந்த வருஷம் ரொம்பக் கடுமை. கடவுளுக்கு நன்றி.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் முதல் எழுத்து விழுந்தது. பிறகு இரண்டு, மூன்று. கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். சைலஸ் தினமும் வந்து பார்க்கிறான். "அக்கா, இன்னைக்குத் தகப்பன் காலி" என்று வாசலில் வந்து சொன்னான். அன்றைக்கு முதல் தடவையாக அவனை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். கோப்பை காலியாகும்வரை உட்கார்ந்திருந்தான்.

புல்லில் விழுந்ததையெல்லாம் பொறுக்கினேன். போன வியாழன் பாதிரியார் போலீஸ்காரரோடு வந்தார்.

"கெஸியா, உண்மையச் சொல்லு. எழுத்தை நீதானே பிடுங்கின?"

"நான் பிடுங்கல ஐயா. தானா உதிர்ந்துச்சு."

"அதெப்படித் தானா உதிரும்? அவ்வளவு விலை குடுத்துச் செஞ்ச வேலை!"

"லெட்டிஷியாகூட விலை குடுத்துச் செஞ்ச கப்பல்தான்."

"எழுத்தெல்லாம் எங்க?"

தூண்டில் கயிற்றைக் காட்டினேன். உருக்கி எடைகுண்டாகக் கட்டிவிட்டேன். கயிறு நன்றாக ஆழத்துக்குப் போகிறது. போலீஸ்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அவர் தம்பியும் கடலுக்குப் போகிறவன்.

வரி முழுதாக மறையவில்லை. கிட்டே போனால் வரிசையாகத் துளைகள் தெரிகின்றன. லெட்டிஷியாவின் பலகை அச்சாக அப்படித்தான் இருக்கும். மேலே மார்வுட்டின் பெயர் மட்டும் ஆழமாக, பத்திரமாக நிற்கிறது. அது நிற்கட்டும். யாருடைய துளை என்று தெரிய வேண்டுமே.

அன்போடு,
அக்கா

*

யார்க்,
1870 பிப்ரவரி 13

அன்பு அக்காவுக்கு. பட்டறைக்குப் பாதிரியார் கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஜேபஸ், இத்தனை வருஷத்துல உன் எழுத்து ஒண்ணுகூட விழுந்ததில்ல. விழுந்தா ஒரு வரியே விழுதே?" என்றார். "பனி ஜாஸ்தி ஐயா" என்றேன். கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டார். அவர் மாமனார் மாலுமி.

அனுப்பிவிடவில்லை. மறுபடி பதித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். மார்ச் முதல் வாரம் ஈயத்தோடு ஹாதர்விக் வர வேண்டும். இந்தத் தடவை மிஸ் மார்வுட் பக்கத்திலேயே நிற்பாராம். என்ன செய்யட்டும்? நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஜேபஸ்

*

ஹாதர்விக்,
1870 பிப்ரவரி 20

என் தம்பி ஜேபஸுக்கு அக்கா எழுதுவது. சுகம். கை ஆறிவிட்டது.

வா. மிஸ் மார்வுட் பக்கத்தில் நின்றால் நிற்கட்டும். அவளுக்குத் துளை சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று தெரியப்போகிறதா? கேட்டால், பழைய துளையே போதும் என்று சொல். பதித்துவிட்டுப் போ. அடுத்த குளிர்காலமும் வரத்தான் போகிறது. எனக்குத் தூண்டிலுக்குக் குண்டு தேவைப்படும்.

ஆனால் அதற்காக மட்டும் உன்னைக் கூப்பிடவில்லை. அடுப்படிக் கல்லைச் சைலஸை வைத்துப் பெயர்த்துவிட்டேன். இப்போது தரையில் உட்கார்ந்து சமைக்கிறேன். கல்லின் ஒரு மூலையில் உன் குறி, மீதி இடம் முழுக்க வெறுமை. கல்லறைத் தோட்டத்தில் நட்டால்தானே பாதிரியார் சம்மதம் வேண்டும்? துறைமுகத்துக்குப் போகிற பாதையைப் பார்த்த என் வீட்டுச் சுவருக்கு யார் சம்மதம் வேண்டும்? கப்பலுக்குப் போகிற ஒவ்வொருவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வாசகம் இது. சைலஸிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் அழுதான், அதனால் சரியாகத்தான் இருக்கும்.

ரூபன் ஸ்டோர், வயது பதினெட்டு. கப்பல் ஒழுகுகிறது என்று சொன்னான். முதலாளி கேட்கவில்லை. தாயும் கேட்கவில்லை.

தாய் என்ற சொல்லை விடச் சொல்லி என்னிடம் கெஞ்சாதே. பெரிய உளியைக் கொண்டு வா. ஆழமாக வெட்டு. இதற்கு ஈயம் வேண்டாம்.

வழி பார்த்திருக்கும்
கெஸியா